பேராசிரியர் பேசி முடிக்கும் வரை

கண்ணைத்தானே அறுத்தார்கள், இதயம் எப்படி நின்றது? அந்த இலையுதிர்காலம் முழுவதும் எங்கள் மலையூரான தாஷ்-கெச்சுவில் மாவு வாங்கப் போனாலும் லாடம் அடிக்கப் போனாலும் இந்தக் கேள்விதான். உயிரியலில் முழு மதிப்பெண் வாங்கிப் பள்ளியை முடித்திருந்தும் எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. ஊரில் பதில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் வெறும் நர்ஸ் என்பதால் யாரும் அவரிடம் போய்க் கேட்கவில்லை.

அவர் பெயர் ஊல்கான். வயது ஐம்பத்தொன்று. மாவட்ட மருத்துவமனையின் மயக்க மருந்துப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக வேலை. குட்டையான உருவம், சரியாக மடங்காத வலது முழங்கால், தொப்பிக்குள் அடங்காத நரைமுடி. கணவர் லாரி ஓட்ட ரஷ்யாவுக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கே லாரியையே கட்டிக்கொண்டார் என்று ஊல்கானே சொல்லிச் சிரிப்பார்.

அறுவை செய்யும் மருத்துவர்களை அவர் இரண்டே ரகமாகப் பிரித்து வைத்திருந்தார். நாடி இறங்குகிறது என்று சொன்னால் கையை நிறுத்திவிட்டு ஏன் என்று கேட்கிறவர்கள் ஒரு ரகம். கையை நிறுத்தாமல் யார் சொன்னது என்று கேட்கிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தைப் பற்றிப் பேசும்போது அவர் கெட்ட வார்த்தை எதுவும் சொல்லமாட்டார். கெட்டுப்போன பாலை முகர்ந்தவர் போல மூக்கை மட்டும் சுருக்குவார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தியதும் ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை அதன் நெஞ்சில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார். அதிலிருந்து வரும் ரப்பர் குழாயைத் தன் இடது காதில் செருகிக்கொள்வார். அறுவை முடியும்வரை அந்தக் காது குழந்தையுடையது. நாடியைக் காட்ட மின்திரை வந்த பிறகும் அவர் இதை விடவில்லை. கம்பி கழன்றாலும் திரை எதையாவது கிறுக்கும், காதில் விழுவது நெஞ்சிலிருந்து வருவது என்பார்.

மயக்க மருத்துவர் எமில்பெக்குக்கு இது தினசரி வேடிக்கை. "என்ன எஜே, இன்னைக்கு ரேடியோல என்ன பாட்டு?" என்பார். எஜே என்றால் அக்கா. "உனக்குப் புரியாத பாட்டு தம்பி" என்பார் ஊல்கான். எமில்பெக் கெட்டவர் இல்லை. மருந்துகளின் பெயரும் அளவும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். முதுகெலும்புதான் கிடையாது. தலைநகரத்து மருத்துவமனை ஒன்றில் இடம் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்த அவருக்கு, தலைநகரத்திலிருந்து வரும் கார் டிரைவரைக் கண்டாலும் உடம்பு தானாக வளையும்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் செப்டம்பரில் தலைநகரத்துப் பேராசிரியர் சேயித்காசி வந்தார். மாறுகண் உள்ள ஐந்து மலைப்பகுதிக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கண் அறுவை செய்யப் போகிறார் என்று அறிவிப்பு. கூடவே ஒரு தொலைக்காட்சிக் கேமராக்காரர். பேராசிரியரின் தொப்பியில் அவர் பெயர் தங்க நூலில் தைத்திருந்தது, ஒருவேளை மறந்துபோனால் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காக இருக்கும். எந்த மாவட்டத்துக்குப் போனாலும் அவருக்கு வேலைப்பாடு செய்த மேலங்கி போர்த்தி, வெள்ளைக் கம்பளித் தொப்பி வைத்து மரியாதை செய்வார்கள். தாஷ்-கெச்சுவிலும் செய்தார்கள். பெண்கள் இரண்டு மாதம் உட்கார்ந்து தைத்த அந்த மேலங்கியை டிரைவர் வாங்கிக் காரின் பின்பெட்டியில் உபரிச் சக்கரத்துக்கு அடியில் திணித்ததை ஊல்கான் பார்த்தார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு மேலங்கிகள் கசங்கிக் கிடந்தன.

தலைமை மருத்துவர் ஜானுசாக் அன்று காலையிலிருந்து பேராசிரியரின் நிழலை மிதிக்காமல் நடப்பதையே பெரிய வேலையாக வைத்திருந்தார்.

அறுவைக்கு முன் கை கழுவும் இடத்தில் ஊல்கான் பேராசிரியரிடம் போனார். கண்ணை உருட்டும் தசையைப் பிடித்து இழுத்தால் குழந்தைகளின் நாடி இறங்கும் என்பது கண் மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தத் தசையிலிருந்து ஒரு நரம்பு மூளைக்குச் சேதி கொண்டுபோகிறது. மூளை அதைக் கேட்டு, வேறொரு நரம்பு வழியாக இதயத்தை மெதுவாகப் போகச் சொல்லிவிடுகிறது. ஆழ்ந்த மயக்கத்திலும் இது நடக்கும். சில குழந்தைகளுக்கு இதயம் ஒரேயடியாக நின்றும் போகும். இதற்கு முதல் வைத்தியம் மருந்து இல்லை, இழுக்கிற கையை விடுவது. விட்டால் பெரும்பாலும் சில நொடிகளில் இதயம் தானாகவே சரியாகிவிடும். அப்புறம் மூச்சு நன்றாகப் போகிறதா, மயக்கம் போதுமா என்று பார்க்க வேண்டும். அதிலும் அடங்காவிட்டால்தான் ஊசி. எனக்கு அன்று தெரியாத பதில் இதுதான்.

ஆகவே ஊல்கான், பெரியவர்களை அழைக்கும் அகாய் என்ற மரியாதைச் சொல்லோடு, சாதாரணமாகத்தான் சொன்னார். "அகாய், நாடி இறங்கினா நான் விடுங்கன்னு சொல்வேன். கொஞ்சம் விட்டுட்டு அப்புறம் பிடிங்க."

பேராசிரியர் ஈரக்கையைத் தூக்கிப் பிடித்தபடி ஜானுசாக் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்ல நர்ஸுங்க எல்லாம் பேசுவாங்களா?" என்றார். ஜானுசாக் சிரித்தார். ஜானுசாக் சிரித்ததால் எமில்பெக்கும் சிரித்தார்.

முதல் குழந்தை பேகாயிம். ஆறு வயது, இடது கண் மூக்கைப் பார்க்கும். அவளுடைய அப்பா கச்கின்பாய் கோடை மேய்ச்சலிலிருந்து நேராக வந்திருந்தார். பூட்ஸில் இன்னும் சாணம் காயவில்லை. மயக்க வாயு முகமூடியை வைக்கும்போது உங்கள் ஆடுகளை எண்ணு என்று ஊல்கான் சொன்னார். எங்களுக்கு நூற்றிப்பத்து இருக்கு, அவ்வளவும் எண்ண எனக்கு வராது என்று பேகாயிம் கவலைப்பட்டாள். வரும் வரைக்கும் எண்ணு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் ஊல்கான். அவள் ஒன்பதில் தூங்கினாள்.

வேலை தொடங்கியதுமே மின்திரை ஒவ்வொரு துடிப்புக்கும் பீப் பீப் என்று சத்தம் போட்டது. பேராசிரியர் முகம் சுளித்தார். இந்தக் கோழிக்குஞ்சு கத்துவது என் பேச்சோடு பதிவாகிவிடும் என்றார். கேமராக்காரரும் திரையின் பச்சை வெளிச்சம் கேமராக் கண்ணாடியில் அடிக்கிறது என்றார். வேறு எந்த நாட்டில் என்ன செய்வார்களோ தெரியாது. இங்கே வந்த விருந்தாளி முகம் சுளித்தால் வீட்டுக்காரன் தன் நாயையே அடித்துத் துரத்துவான். ஜானுசாக் தானே போய்ச் சத்தத்தை அணைத்தார், திரையையும் சுவர்ப் பக்கம் திருப்பினார். இதயத்தைக் காவல் காக்க வைத்த கருவியின் வாயைப் பொத்தி, முகத்தைத் திருப்பி வைத்து, விருந்தோம்பல் செய்தாயிற்று. எமில்பெக் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தன் தலைமுடி கேமராவில் எப்படித் தெரிகிறது என்ற யோசனையில் இருந்தார்.

மிச்சம் இருந்தது ஊல்கானின் இடது காது மட்டும்.

முதல்முறை தசையைக் கொக்கியில் மாட்டியபோது நாடி நூற்றிப்பத்திலிருந்து தொண்ணூறுக்கு வந்தது. அது பரவாயில்லை. இரண்டாவது முறை பேராசிரியர் தசையைத் தூக்கினார், கேமராவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று இன்னும் கொஞ்சம் தூக்கினார், அப்படியே பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஜெர்மனியில் தான் கற்றது, அங்கே கற்பித்தவர்களே இப்போது தன்னிடம் கேட்பது, இந்த மலைக் குழந்தைகளின் கண்ணில் தான் ஒளியேற்றுவது. பேச்சு நீண்டது. கொக்கி கீழே இறங்கவில்லை.

ஊல்கானின் காதில் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. எழுபது இருக்கும். பிறகு ஐம்பது.

"விடுங்க அகாய்" என்றார்.

பேராசிரியர் நிறுத்தவில்லை. தான் பேசும்போது யாராவது குறுக்கே பேசினால் கேட்காதது போல இருப்பதுதான் அவருக்குத் தெரிந்த நாகரிகம். ஊல்கான் இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னார். அதற்கும் பேராசிரியரின் புருவம் மட்டும் ஏறியது. எமில்பெக் குனிந்து, "எஜே, பேசி முடிச்சுரட்டும், கேமரா ஓடுது. நாடி ஏற நான் அட்ரோபின் ஊசி போட்டுர்றேன்" என்று கிசுகிசுத்தார். போட்டும் விட்டார். மருந்து சரியானது, அளவும் சரியானது. ஆனால் மருந்தைச் சுமந்துபோக ரத்தம் ஓட வேண்டுமே. காதுக்குள் ஒரு துடிப்பு விழுந்தது. அடுத்தது விழவில்லை.

ஊல்கான் மனசுக்குள் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. பேராசிரியர் தன் ஆசிரியருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு, ஐந்து, ஆறு. ஆறில் ஊல்கான் பச்சைத் துணிக்கு அடியில் கையை விட்டு, பேகாயிமின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அமுக்க ஆரம்பித்தார்.

மேசை ஆடியது. குழந்தையின் தலையும் ஆடியது. கண்ணைக் குத்திவிடும் பயத்தில் பேராசிரியரின் கை தானாகக் கொக்கியை விட்டது. நாடி நின்றதற்காக விடாத கை, மேசை ஆடியதும் விட்டது.

"யாரு மேசையை ஆட்டறது?"

ஊல்கான் அமுக்கிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை பதினொன்றுக்கு வந்தபோது காதில் ஒரு துடிப்பு கேட்டது. அப்புறம் கோணலாக இன்னொன்று. அப்புறம்தான் முன்பே போட்ட ஊசி மருந்து வந்து சேர்ந்தது, இதயம் தறிகெட்டு ஓடியது. நூற்றி அறுபதுக்கு மேல், நடுநடுவே தடுக்கி விழுந்து எழுந்து. பேராசிரியர் உடனே மறுபடி தொடங்க வேண்டும் என்றார். முடியாது என்றார் ஊல்கான். இந்த முறை எமில்பெக்கின் முகம் வெளுத்திருந்தது, அவரும் முடியாது என்றார். தன் வாழ்நாளில் அவர் சொன்ன முதல் முடியாது அதுவாகத்தான் இருக்கும். மயக்க வாயுவைக் குறைத்தார்கள். வெறும் ஆக்சிஜனைக் கையால் பையை அமுக்கி ஊட்டினார்கள். கால் மணி நேரத்தில் இதயம் தன் நடைக்குத் திரும்பியது.

அதன்பிறகு பேராசிரியர் வாயைத் திறக்காமல், தசையைத் தூக்காமல், பன்னிரண்டு நிமிடத்தில் வேலையை முடித்தார். அதாவது தூக்காமலே செய்ய முடிகிற வேலைதான் அது.

பேகாயிம் பிழைத்துக்கொண்டாள். விழித்ததும் மிச்ச ஆடுகளை எண்ணிவிட்டீர்களா என்று கேட்டாள். அதோடு முடிந்திருந்தால் இது கதையே இல்லை. வெளியே தாழ்வாரத்தில் இன்னும் நான்கு குழந்தைகள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளியின் மனநிலை கெட்டுவிட்டதால் அவர்களுக்கு நாளைக் காலை என்று அறிவித்தார்கள். அதே கொக்கி, அதே கை.

மதியத்துக்குள் மருத்துவமனை தன் பாணியில் சுறுசுறுப்பானது. எமில்பெக் மயக்கக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து, நாடி எல்லா இடத்திலும் நூற்றிப்பத்து என்று திருத்தி எழுதச் சொன்னார், கெஞ்சும் குரலில். ஊல்கான் பேனாவை அவர் கையிலேயே கொடுத்து, நீயே எழுதி நீயே கையெழுத்துப் போடு என்றார். அவர் எழுதவில்லை. அதற்கும் துணிச்சல் வேண்டும். ஜானுசாக் தன் அறைக்கு அழைத்து, விருந்தாளி முன்னால் நிலைகுலைந்து குழந்தையைக் குலுக்கியதற்கு விளக்கக் கடிதம் கேட்டார். எங்கள் ஊரில் எது உடைந்தாலும் முதலில் விளக்கக் கடிதம்தான் வாங்குவார்கள். ஊல்கான் எழுதியது ஒரே வரி: இதயம் நின்றது, அமுக்கினேன், ஓடியது. ஜானுசாக் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு நான்கு மணி விருந்தில் எல்லோர் முன்னாலும் பேராசிரியரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் இதைக் கிழித்துவிடுகிறேன் என்றார்.

விருந்து மருத்துவமனை உணவுக்கூடத்தில். ஐந்து குழந்தைகளின் பெற்றோரும் சேர்ந்து ஆடு கொண்டுவந்திருந்தார்கள். வெந்த ஆட்டுத்தலை பேராசிரியர் முன்னால் வைக்கப்பட்டது. தலையை அறுத்துப் பங்கு வைக்க வேண்டியவர் அவர்தான். ஆனால் அதற்கு முன் மேசையில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் வாழ்த்துச் சொல்லும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது. குடித்துவிட்டு உளறினாலும் சரி, அரை மணி நேரம் இழுத்தாலும் சரி, கிண்ணத்தைக் கையில் பிடித்தவர் உட்காரும் வரை மேசை காத்திருக்கும். ஜானுசாக் பத்து நிமிடம் வாழ்த்தினார். எமில்பெக் எட்டு நிமிடம். அவர்கள் பேசியதைக் கேட்டிருந்தால் சூரியனும் தலைநகரத்தில் படித்துவிட்டு வந்துதான் உதிக்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

பிறகு ஜானுசாக் புன்னகையோடு, ஊல்கான் எஜேயும் இரண்டு வார்த்தை சொல்லுவார் என்றார்.

ஊல்கான் தேநீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் மக்கர் செய்ததால் மேசையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவருடைய குரலில் கோபம் இல்லை. கடைக்காரரிடம் மாவு எடை குறைகிறது என்று சொல்கிற குரல்.

"அகாயோட கை நல்லா இருக்கணும்னு வாழ்த்தறேன். நாளைக்கு நாலு பிள்ளைங்க அந்தக் கைக்குக் கீழ படுக்கப் போகுது. இன்னைக்கு அந்தக் கை தசையைத் தூக்கிப் பிடிச்சுது. பேகாயிமோட நாடி இறங்குச்சு. விடுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். விடல. இதயம் பதினோரு நொடி நின்னுச்சு."

பேராசிரியர் கிண்ணத்தை டொக்கென்று வைத்து, இது என்ன அபத்தம் என்று ஆரம்பித்தார். வாசல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கச்கின்பாய் தலையைத் தூக்கினார். அதுவரை அவருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் மெதுவாகத்தான் சொன்னார்.

"வாழ்த்தை வெட்டாதீங்க அகாய். அவங்க சொல்லி முடிக்கட்டும்."

மேசையில் இருந்த தாடிக்காரர்கள் தலையசைத்தார்கள். ஜானுசாக் காலையெல்லாம் காப்பாற்றிய அதே மரியாதை இப்போது அவர் வாயைக் கட்டிப்போட்டது.

"முடிச்சிட்டேன்" என்றார் ஊல்கான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாளைக்கு நான் விடுங்கன்னா விடுவீங்களா? விடுவேன்னா காலைல எட்டு மணிக்கு நான் மருந்தோட நிக்கறேன். இல்லன்னா நான் எந்தப் பிள்ளையையும் தூங்க வைக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. பதிலுக்காகக் கிண்ணத்தோடு நின்றார்.

ஆம் என்று ஒரு சொல் போதும். ஓரெழுத்தில் கூடச் சொல்லலாம், தலையை அசைத்தாலே போதும். அந்த ஒரு அசைவுக்கு அந்தப் பெரிய தலை இடம் கொடுக்கவில்லை.

"நான் நர்ஸுகிட்ட உத்தரவு வாங்கி ஆபரேஷன் பண்றவன் இல்ல" என்றார் பேராசிரியர்.

நான்கு குழந்தைகளில் ஒருவனின் அம்மா எழுந்தார். சால்வையை இழுத்துக் கட்டிக்கொண்டார். "அப்ப என் பையன் மாறுகண்ணாவே இருந்துட்டுப் போகட்டும். ஆடு மேய்க்க அது போதும்" என்றார். அடுத்து இன்னொருவர் எழுந்தார். நான்கு குடும்பமும் எழுந்துவிட்டது. பேராசிரியரும் எழுந்தார், நன்றிகெட்ட ஜனங்கள் என்று கேமராக்காரரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஆட்டுத்தலை அறுக்கப்படாமல் மேசையில் ஆறிப்போனது.

பத்து நாள் கழித்துத் தொலைக்காட்சியில் படம் வந்தது. பேராசிரியரின் உரை முழுதாக இருந்தது. மேசை ஆடிய இடம் இல்லை. மலைநாட்டில் ஐந்து குழந்தைகளுக்குப் பார்வை கொடுத்த மாமனிதர் என்றது பின்னணிக் குரல். ஒரு குழந்தையை ஐந்தாக்குகிற வித்தையை அவர் ஜெர்மனியில்தான் கற்றிருக்க வேண்டும்.

ஊல்கானுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. அதைத் தகவல் பலகையில், உணவுக்கூடத்தின் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், ஒட்டினார்கள். அவரைக் கட்டுப்போடும் அறைக்கு மாற்றினார்கள். குளிர்காலம் முழுவதும் பனியில் வழுக்கி விழுந்தவர்களின் கைகால்களுக்குக் கட்டுப்போட்டார். சந்தையில் அவரைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள். பதற்றத்தில் குழந்தையை அடித்துவிட்டார் என்றுகூட ஒருவர் சொன்னார். மறுத்துப் பேசும் வேலையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரியில் எமில்பெக்கே ஜானுசாக்கிடம் போய், அந்தக் காது இல்லாமல் குழந்தைகளை மயக்கத்தில் வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி ஊல்கானைத் திருப்பி வாங்கினார். தலைநகரத்து இடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

மே மாதம் பக்கத்து மாவட்டத்திலிருந்து தாமிரா என்ற கண் மருத்துவர் பேருந்தில் வந்து இறங்கினார். மேலங்கி இல்லை, கேமரா இல்லை, ஆடு இல்லை. கை கழுவும்போது ஊல்கானிடம், "எஜே, நீங்க சொன்னா நிறுத்திருவேன், சத்தமா மட்டும் சொல்லுங்க, எனக்கு ஒரு காது மந்தம்" என்றார். இரண்டு நாளில் அந்த நான்கு குழந்தைகளுக்கும் அறுவை. மூன்று தடவை நாடி இறங்கியது. மூன்று தடவையும் ஊல்கான் சத்தமாகச் சொன்னார், மூன்று தடவையும் தாமிரா விட்டார். ஊசி ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை. அவ்வளவுதான் அந்த வித்தை. அதைச் செய்யத்தான் ஒரு பேராசிரியரின் தொப்பி இடம் கொடுக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்த யாராவது தன் பிள்ளையை மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவைக்கு அனுப்பப் போகிறார் என்றால், தயவுசெய்து இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். மயக்கம் கொடுக்கிறவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா என்று அறுவை செய்கிறவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கேட்டவர் இன்னொருவருக்கும் சொல்லட்டும்.